முதலிடத்தில் நிற்கும் பட்டறைக்கு அழைப்பு ஏன் வரவில்லை?

கேள்வி: பெருந்துறை வாசகர், 2025 மார்ச் 2, மாலை 6.10

மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். சப்மெர்சிபிள், மோனோபிளாக் இரண்டும் கட்டுகிறேன். ஜனவரி தொடக்கத்தில் கூகுள் மேப்பில் பட்டறையைப் பதிந்தேன். என் கைப்பேசியில் "மோட்டார் காயில் கட்டும் கடை" என்று தேடினால் என் பெயர்தான் முதலில் நிற்கிறது. தினமும் காலையில் பார்க்கிறேன், இறங்கவே இல்லை. ஆனால் இரண்டு மாதத்தில் வந்த அழைப்புகள் நான்கு. அதில் இரண்டு, கடன் வேண்டுமா என்று கேட்டவை. இந்த முதலிடமெல்லாம் ஏமாற்று என்றுதான் தோன்றுகிறது. இதனால் உண்மையில் பயன் கண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள் அண்ணா.

காங்கேயம் செக்குக்காரர், மார்ச் 2, இரவு 9.25

தம்பி, நீங்கள் பட்டறைக்குள் உட்கார்ந்துகொண்டு தேடுகிறீர்கள். தேடுகிற கைப்பேசிக்கும் தேடப்படுகிற பட்டறைக்கும் நடுவே பத்தடி தூரம். நம் வீட்டு விசேஷத்தில் நாமே பந்தியில் முதலில் உட்கார்ந்துவிட்டு, முதல் இலை எனக்குத்தான் விழுந்தது என்று சொல்வது போல இருக்கிறது.

அக்கம்பக்கக் கடைகளை வரிசைப்படுத்த மூன்றைப் பார்ப்பதாகக் கூகுள் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. தேடிய சொல்லுக்குக் கடை எவ்வளவு பொருத்தம், தேடுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தொலைவு, கடை எவ்வளவு பெயர் பெற்றது. பட்டறைக்குள் நின்று தேடினால் நடுவில் இருப்பது மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். மோட்டார் புகைந்துபோன விவசாயி விஜயமங்கலத்திலோ காஞ்சிக்கோயிலிலோ கிணற்று மேட்டில் நின்று தேடுகிறார். அவருக்கு நீங்கள் எத்தனையாவது ஆள் என்று தெரிய வேண்டும். வரைபடத்தோடு முதலில் கண்ணில் படுவது மூன்று கடைகள்தான். 2015 வரை ஏழு காட்டினார்கள், அந்த ஆண்டு மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். நான்காவது ஆள் யாரென்று அறிய ஒருமுறை கூடுதலாகத் தொட வேண்டும். மடையில் தண்ணீர் நின்றுபோனவருக்கு அந்தப் பொறுமை இருக்காது.

உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) தேடிப் பாருங்கள். உங்கள் உண்மையான இடம் தெரிந்துவிடும்.

மார்ச் 3, காலை 6.50

நேற்றுக் கடைசியாக எழுதியது அரைகுறை. படுத்த பிறகு நினைவு வந்தது.

மறைநிலைச் சாளரம் நம் கணக்கையும் பழைய தேடல்களையும்தான் ஒதுக்கி வைக்கும். கைப்பேசி எங்கே இருக்கிறது என்பதை மறைக்காது. பட்டறைக்குள் மறைநிலையில் தேடினாலும் பட்டறைக்குள் தேடியதுதான்.

கணினியில் தேடினால் வேறு வேடிக்கை. இணைய இணைப்பை வைத்து ஊரை ஊகித்துக்கொள்ளும். என் கடைக் கணினியில் தேடல் பக்கத்தின் அடிவரை இறங்கிப் பார்த்தபோது அங்கே "சென்னை" என்று எழுதியிருந்தது. காங்கேயத்தில் உட்கார்ந்துகொண்டு, மயிலாப்பூர்க்காரர்களுக்கு எந்தச் செக்கு முதலில் தெரிகிறது என்று பல மாதம் கவலைப்பட்டிருக்கிறேன். பக்கத்தின் அடியில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே இருப்பதை நம்ப வேண்டும். அங்கேயே இருப்பிடத்தைப் புதுப்பிக்கவும் வழி உண்டு.

மார்ச் 3, இரவு 8.15

வெள்ளோட்டில் மாமா வீடு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. பறவைகள் சரணாலயத்துக்குப் போகிற சாக்கில் போய் அங்கே நின்று தேடுங்கள், அல்லது மாமாவையே தேடச் சொல்லுங்கள். ஆனால் பட்டறையின் பெயரை அவரிடம் சொல்லாதீர்கள். பெயரைச் சொன்னால் பாசத்தில் பெயரைப் போட்டுத் தேடி, "மாப்பிள்ளை, முதலில் நீதான் வருகிறாய்" என்பார். பெயரைப் போட்டுத் தேடுகிறவருக்கு உங்களை முன்பே தெரியும். உங்களைத் தெரியாதவர் வேலையின் பெயரைப் போட்டுத்தான் தேடுவார்.

மார்ச் 5, இரவு 10.05

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

சென்னிமலை சாலையில் மரச்செக்கு. வாகை மரச் செக்கு இரண்டு. நிலக்கடலை, எள், கொப்பரை ஆட்டுகிறோம். வெளியார் கொண்டுவருவதைக் கூலிக்கும் ஆட்டித் தருகிறோம். கடையை இணையத்தில் ஏற்றியது 2019இல், என் அக்கா மகன். கடைகளைப் பதியும் அந்தச் சேவைக்கு அப்போது கூகுள் மை பிசினஸ் என்று பெயர். 2021 நவம்பரில் பிசினஸ் புரொஃபைல் என்று மாற்றினார்கள். அவன் அவசரத்தில் இருந்தான், பெங்களூர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கடை வகை என்று கேட்ட இடத்தில் "ஆயில்" என்று தட்டியிருக்கிறான். வரிசையாக வந்ததில் ஒன்றைத் தொட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அதன்பின் ஒரு மாதம் கழித்து, எள்ளில் கருப்பட்டி உடைத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரம். செக்கு இளஞ்சூட்டுக்கு வரும்போதுதான் கருப்பட்டி போட வேண்டும், முந்தினாலும் பிந்தினாலும் புண்ணாக்கு பிடிக்காது. அந்த நேரத்தில் கண்ணை எடுக்க முடியாது. ஒரு பையன் பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு, "ஆயில் எவ்வளவுங்க?" என்றான்.

"நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா?"

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ட்வென்ட்டி ஃபார்ட்டி போதுங்க" என்றான்.

இருபது லிட்டரா, நாற்பது லிட்டரா என்று கேட்டேன். கல்யாண ஆர்டர் என்று நினைத்துச் சந்தோஷம் வேறு. அவன் பைக் எஞ்சினைக் காட்டினான். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் செக்கு வாகனங்களுக்கு எஞ்சின் ஆயில் மாற்றும் நிலையமாக ஊருக்கெல்லாம் அறிமுகமாகியிருக்கிறது. அந்த மாதத்தில் வந்த அழைப்புகளில் பாதி இப்படித்தான். எடுத்த என் மனைவி, யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து வைத்திருக்கிறாள்.

ஆகவே தம்பி, முதலில் உங்கள் வகையைப் பாருங்கள். முதன்மை வகை ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை வைத்துக்கொள்ளலாம். "மோட்டார்" என்று தட்டியிருந்தால் உங்களைப் பைக் மெக்கானிக் ஆக்கியிருக்கவும் வாய்ப்புண்டு.

மார்ச் 6, காலை 7.30

வகையைப் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது என்கிறார் தம்பி. என் பக்கத்துக் கதை வீணாகப் போயிற்று. சிரித்தவர்களுக்கு நன்றி.

மார்ச் 8, இரவு 11.20

இன்று சனிக்கிழமை, மதியத்துக்கு மேல் வேலை குறைவு. உட்கார்ந்து ஒரு காரியம் செய்தேன், நீளமாக இருக்கும்.

ஊர் ஊராகப் போய் நின்று தேடுவது ஆகிற காரியமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கணினியில் இருந்தபடியே செய்யலாம். குரோம் உலாவியில் டெவலப்பர்களுக்கான கருவிகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் சென்சார் என்னும் இடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்தால் நாம் அங்கே நிற்பதாக உலாவி நினைத்துக்கொள்ளும். பிறகு தேடல் பக்கத்தின் அடியில் இருப்பிடத்தைப் புதுப்பித்துவிட்டுத் தேட வேண்டும். என் மகள் காட்டிக் கொடுத்தாள்.

கணக்கு எளிது. ஒரு பாகை அட்சரேகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். அப்படியானால் 0.01 பாகை 1.1 கிலோமீட்டர். நம் பக்கம் பூமத்தியரேகைக்கு அருகே இருப்பதால் தீர்க்கரேகையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். காங்கேயம் 11.0 வடக்கு, 77.56 கிழக்கு என்ற அளவில் வரும். கடையை நடுவில் வைத்து, 0.02 பாகைக்கு ஒரு புள்ளி வீதம் ஐந்துக்கு ஐந்து வைத்தேன். மொத்தம் 25 புள்ளிகள், கடையிலிருந்து நாலு பக்கமும் நாலரைக் கிலோமீட்டர் வரை. கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனையாவது இடம் என்று எழுதினேன். எட்டிப் பார்த்த என் மனைவி, "மார்கழி முடிந்து இத்தனை நாளாயிற்று, இப்போது எதற்கு நேர்ப்புள்ளிக் கோலம்?" என்றாள்.

"மரச்செக்கு எண்ணெய்" என்ற ஒரே சொல்தான் எல்லாப் புள்ளிக்கும். 9 புள்ளிகளில் முதல் மூன்றுக்குள் இருக்கிறேன். 6 புள்ளிகளில் நான்கு முதல் பத்துக்குள். மீதி 10 புள்ளிகளில் கண்ணுக்கே தெரியவில்லை.

எங்கே தெரியவில்லை என்று பார்த்தபோதுதான் கணக்குப் புரிந்தது. வடக்கே சென்னிமலைப் பக்கம் நாலு கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் இரண்டாவது, மூன்றாவதாக நிற்கிறேன். தெற்கே பஸ் நிலையத்தைத் தாண்டினால், கடையிலிருந்து இரண்டே கிலோமீட்டர்தான், அதற்குள் காணாமல் போகிறேன். நடுவில் ஊருக்குள் நாலைந்து எண்ணெய்க் கடைகள் இருக்கின்றன. பஸ் நிலையத்தில் நிற்பவருக்கு அவர்களெல்லாம் என்னைவிடக் கிட்டே. அவர்களைத் தாண்டிப் போய் நிற்கும் அளவுக்கு எனக்குப் பெயர் இல்லை. வடக்கே போட்டிக்கு ஆளில்லை, அதனால் நான் ராஜா. தொலைவு மட்டும் கணக்கில்லை. நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் கணக்கு.

உங்களுக்கும் இதே நிலைதான் இருக்கும் என்று நினைக்கிறேன். சிப்காட் பக்கம் பட்டறைகள் நெருக்கம், திங்களூர்ப் பக்கம் அவ்வளவு இருக்காது.

மார்ச் 9, காலை 8.00

இந்தக் கோலத்தைத் தானாகவே போட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டித் தரும் கட்டணச் சேவைகள் உண்டு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்டு. ஐம்பது கடைகளைக் கவனிப்பவர்களுக்கு அது வேண்டும். எனக்கு 25 புள்ளிகளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, நடுவில் இரண்டு டீ உட்பட. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும் என்றால் கையாலேயே செய்யலாம்.

மார்ச் 12, இரவு 9.45

சனிக்கிழமைக் கோலத்தில் ஒரு தவறு.

நான் தேட உட்கார்ந்தபோது மணி எட்டு. கடை ஏழரைக்குச் சாத்தியாயிற்று. பெயரைப் போடாமல் வேலையைப் போட்டுத் தேடும்போது, அந்த நேரத்தில் திறந்திருக்கும் கடைக்கு முன்னுரிமை கிடைக்கிறது. 2023 இறுதியில் இதைப் பலர் கவனித்துக் கேட்டபோது கூகுள் தரப்பிலும் ஒப்புக்கொண்டார்கள். ஊருக்குள் ஒன்பதரை வரை திறந்திருக்கும் மளிகைக் கடைகளோடு, கதவு சாத்திய என் செக்கை மோதவிட்டு அழுதிருக்கிறேன்.

இன்று முற்பகல் பதினொரு மணிக்கு அதே 25 புள்ளிகளை மறுபடி வைத்தேன். முதல் மூன்றுக்குள் 12, பத்துக்குள் 7, தெரியாதவை 6. பஸ் நிலையத்துக்கு ஐந்தாவதாக வருகிறேன். அதனால், தேடிய நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். காலையில் ஒரு கோலம், மாலையில் ஒரு கோலம்.

மார்ச் 12, இரவு 10.10

"அப்படியானால் 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்று போட்டுவிட்டால் போயிற்று" என்று உடனே ஒருவர் எழுதிவிட்டார். நமக்குத்தான் எவ்வளவு வேகமாக யோசனை வருகிறது. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் நம்பி வந்து பூட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனால், அதைத் துடைக்க முடியாது. பொய் நேரம் போடாதீர்கள் என்று கூகுளும் சொல்லியிருக்கிறது.

ஆனால் தம்பி, உங்கள் பதிவில் காலை 10 மணிக்குத் திறப்பதாக இருக்கிறதே. உண்மையில் எத்தனை மணிக்குத் திறக்கிறீர்கள்? மும்முனை மின்சாரம் இரவில் வருகிற நாள்களில் இரவோடு இரவாக மோட்டார் ஓடும். எரிவதும் அப்போதுதான். விவசாயி விடியற்காலையில் தேடுவார். ஆறரைக்குப் பட்டறையில் ஆள் இருந்தால் ஆறரை என்றே போடுங்கள். அது பொய்யல்ல.

மார்ச் 15, இரவு 9.00

ஆறு மணிக்கே திறந்துவிடுவாராம்! பதியும்போது பத்து மணி என்று தானாகவே வந்ததை அப்படியே விட்டுவிட்டாராம். நான்கு மணி நேரம் தினமும் பூட்டிய பட்டறை. பாருங்கள், காலையில் முதலிடம் பார்த்து மகிழ்ந்ததும் அந்த நேரத்தில்தான். பத்தடி தூரத்தில் நிற்பதால் பூட்டியிருந்தும் முதலிடம் கொடுத்திருக்கிறது.

முகவரிக்கு வருகிறேன். இது நம் பக்கத்துக்கே உரிய தலைவலி. காங்கேயம் முன்பு ஈரோடு மாவட்டம். 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. அஞ்சல் குறியீட்டு எண் மட்டும் மாறவில்லை, இன்றும் 638701, ஈரோட்டு வரிசைதான். அப்பா காலத்தில் அச்சிட்ட பில் புத்தகத்தில் ஈரோடு மாவட்டம். ஜிஎஸ்டி சான்றிதழில் திருப்பூர். பழைய தொலைபேசி வழிகாட்டித் தளம் ஒன்றில் "பெரியார் மாவட்டம்" என்றே இருந்தது. அந்தப் பெயர் 1990களிலேயே போய்விட்டது. மூன்று இடத்தில் மூன்று மாவட்டம் எழுதி வைத்தால், இது ஒரே கடையா, மூன்று கடையா என்று இயந்திரம் குழம்பத்தான் செய்யும். பெயர், முகவரி, தொலைபேசி மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக்குங்கள்.

ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்தோ கேட்கவே வேண்டாம். திருப்பூருக்கு ஒரு "பி" போடுவாரும் உண்டு, இரண்டு "பி" போடுவாரும் உண்டு. காங்கேயத்துக்கு நடுவில் "ஏ"யா, "ஈ"யா? 2020 ஜூனில் தமிழக அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டது. கோயம்புத்தூருக்கு வந்த நீளத்தைப் பார்த்து நாடே சிரித்தது. சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த வாரத்தில் பெயர்ப்பலகை மாற்றியவர் யாராவது இருந்தால் எழுதுங்கள், அவருக்கு ஒரு லிட்டர் எண்ணெய் இலவசம்.

மார்ச் 15, இரவு 9.20

மேலே சொன்னது நகைச்சுவை. மதிப்புரைக்கு எண்ணெய் தருகிறேன் என்று யாரும் படித்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் அதையும் செய்தேன். ஐந்து நட்சத்திரம் போட்டால் 100 மில்லி நல்லெண்ணெய். பரிசு கொடுத்து மதிப்புரை வாங்குவது விதிப்படி கூடாது என்று பிறகுதான் படித்தேன், நிறுத்திவிட்டேன். அதோடு, வந்தவை எல்லாம் "சூப்பர்" என்ற ஒரே சொல்தான். கேட்காமலே ஒரு பாட்டி தன் பேரனைக் கொண்டு எழுதவைத்தது இது: "கடலை கொண்டுபோனால் கண் முன்னே ஆட்டித் தருகிறார்கள், புண்ணாக்கையும் கொடுத்துவிடுகிறார்கள்." தேடுகிறவர் தெரிந்துகொள்ள விரும்புவது எல்லாம் அதில் இருக்கிறது.

மார்ச் 16, மதியம் 2.30

ஞாயிறு. சிவன்மலைக்குப் போய்விட்டு வந்தேன். உத்தரவுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒன்று தோன்றியது. பக்தர் ஒருவரின் கனவில் ஆண்டவர் வந்து சொன்ன பொருளைப் பூப்போட்டுக் கேட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். அடுத்த கனவு வரும்வரை அதுவே இருக்கும். அது எப்போது மாறும் என்று யாருக்கும் தெரியாது, அடுத்து என்ன வரும் என்றும் தெரியாது. தேடல் வரிசையும் அப்படித்தான் என்று எழுத நினைத்தேன். அப்படியே அடிவாரத்தில் நின்று தேடியும் பார்த்தேன், ஏழாவது. கணினிக் கோலத்தில் அந்தப் புள்ளியில் ஆறு என்றிருந்தது. பரவாயில்லை, கணினியை நம்பலாம்.

ஆண்டவரின் உத்தரவுக்குப் பணம் வாங்குகிறவர்கள் இல்லை. இதற்கு இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு நிறுவனத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதலிடம் உறுதி. கட்டினேன். என்ன செய்தார்கள் தெரியுமா? கடையின் பெயருக்குப் பின்னால் "காங்கேயத்தின் சிறந்த மரச்செக்கு நல்லெண்ணெய் கடலை எண்ணெய் தேங்காய் எண்ணெய்" என்று ஒட்டிவிட்டார்கள். இரண்டு வாரம் உண்மையிலேயே மேலே போனேன், அதை மறைக்க மாட்டேன். மூன்றாவது வாரம் பதிவே முடக்கப்பட்டது. பலகையில் எழுதியிருக்கும் பெயரைத் தவிர வேறு சொல் சேர்க்கக் கூடாது என்பது விதி. பலகையைப் படமெடுத்து, உரிமத்தைக் காட்டி முறையிட்டு மீள 19 நாள் ஆயிற்று. அந்த 19 நாளும் வரைபடத்தில் என் கடை இருந்த இடம் வெறும் தென்னந்தோப்பு. நிறுவனத்தாரின் எண்ணோ எப்போதும் பிஸி.

இந்த வரிசையில் இடம் பிடிக்கப் பணம் கட்ட வழியே இல்லை என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரம் வேறு, அது விளம்பரம் என்ற குறியோடு வரும். இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டியிருந்தால் நான் முட்டாள். படிக்காமல் கட்டியதால் அவசரக்காரன்.

மார்ச் 18, காலை 7.10

எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது எனக் கேட்டவருக்கு. பிசினஸ் புரொஃபைலில் செயல்திறன் என்ற பக்கம் இருக்கிறது. என்ன சொல் போட்டுத் தேடியவர்களுக்கு உங்கள் கடை காட்டப்பட்டது என்று அதில் மாத வாரியாகத் தெரியும். குறைவாக வந்த சொற்களுக்கு எதிரே 15க்கும் கீழே என்று மட்டும் இருக்கும். எனக்குத் தமிழ் எழுத்தில் வருவது கொஞ்சம்தான். பெரும்பகுதி தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள். "எண்ணெய்" என்ற ஒரு சொல்லை ஆறு விதமாகத் தட்டியிருக்கிறார்கள். நான் கோலம் போட்டதோ தமிழ் எழுத்தில். இன்னொரு கோலம் போட வேண்டும் போலிருக்கிறது.

இதோடு ஒன்று. 2021 ஜனவரியிலிருந்து கூகுள் மேப், ஆங்கிலத்தில் இருக்கும் கடைப் பெயர்களைத் தமிழ் உட்படப் பத்து இந்திய மொழிகளில் தானே எழுதிக்கொள்கிறது. கைப்பேசியைத் தமிழில் வைத்திருக்கும் என் சம்பந்தியின் திரையில் எங்கள் செக்கு, "சேக்கு" என்று இருந்தது. ஏதோ அரபு நாட்டுச் செல்வந்தர் காங்கேயத்தில் கடை திறந்தது போல. உங்கள் பட்டறைப் பெயரைத் தமிழ்க் கைப்பேசியிலும் ஒருமுறை பாருங்கள்.

மார்ச் 21, இரவு 10.40

தம்பி, அந்தச் செயல்திறன் பக்கத்தின் படத்தை அனுப்பியதற்கு நன்றி. இரண்டு முறை பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்றாவது முறையும் பார்த்தேன்.

ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதத்தில் அழைப்பு என்ற இடத்தில் 31 என்று இருக்கிறது. அது அழைப்புப் பொத்தானை அழுத்தியவர்களின் எண்ணிக்கை. எண்ணைப் பார்த்துக் கையால் தட்டியவர்கள் அதில் வரமாட்டார்கள், அவர்கள் வேறு. ஆக 31 பேராவது உங்களைக் கண்டுபிடித்து, அழைக்கவும் முயன்றிருக்கிறார்கள். உங்களுக்கு வந்தது நான்கு. மீதி 27 எங்கே போயிற்று?

இடத்தைப் பற்றியே இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போதே உங்கள் பதிவைத் திறந்து, நீங்களே அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள். யார் எடுக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

மார்ச் 22, காலை 9.15

அவர் எழுதியதை எல்லோரும் படித்திருப்பீர்கள். அப்பா எடுத்தாராம்.

பதியும்போது ஜிஎஸ்டியில் இருந்த எண்ணையே கொடுத்திருக்கிறார். அது அப்பாவின் எண். அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கைப்பேசி கட்டுத்தறியில், தவிட்டு மூட்டைக்கு மேல் இருக்குமாம். அடித்தால் எடுப்பார், எடுக்காமல் இருந்ததில்லை. "பையன் பட்டறையில் இருக்கிறான், அங்கே போய்ப் பாருங்கள்" என்று எல்லோருக்கும் மரியாதையாகச் சொல்லி வைத்திருக்கிறார். பட்டறை எங்கே என்று கேட்டவர்களுக்கு வேப்பமரத்தடி என்று அடையாளமும் சொல்லியிருக்கிறார். அந்த மரத்தைச் சாலை அகலப்படுத்தியபோது வெட்டி எட்டு வருடம் ஆகிறதாம். யார் யார் கூப்பிட்டார்கள் என்று வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நேரில் வந்திருப்பார்களே" என்றாராம். உங்களுக்கு வந்த அந்த நாலு, பலகையில் இருக்கும் உங்கள் எண்ணைப் பார்த்து வந்தவை.

25 புள்ளி, இரண்டு கோலம், அட்சரேகை, தீர்க்கரேகை. நான் எழுதியதை எல்லாம் மேலிருந்து படித்துப் பார்த்தேன். எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 22, காலை 9.40

அப்பாவைத் திட்டாதீர்கள் தம்பி. எண்ணை மாற்றும்போது ஜஸ்ட்டயல், பிங், ஆப்பிள் மேப் என்று எங்கெல்லாம் பழைய எண் இருக்கிறதோ அங்கெல்லாம் சேர்த்து மாற்றுங்கள். வேப்பமரத்துக்குப் பதிலாகப் பிளஸ் கோடு கொடுக்கலாம். ஓர் இடத்தை எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கக் கூகுள் 2014இல் வெளியிட்ட முறை. பத்து எழுத்தில் பதினான்கு மீட்டருக்குப் பதினான்கு மீட்டர் கட்டம் வரை காட்டிவிடும். மேப்பில் உங்கள் பட்டறையைத் தொட்டால் கீழே இருக்கும். மரத்தைப் போல அதை யாரும் வெட்ட மாட்டார்கள்.

ஏப்ரல் 2, இரவு 9.30

பத்து நாளில் ஒன்பது அழைப்புகள், அதில் ஐந்து மோட்டார்கள் பட்டறைக்கே வந்துவிட்டன என்று தம்பி எழுதியிருக்கிறார். இரண்டு, காலை ஏழு மணிக்கு முன் வந்தவையாம். மகிழ்ச்சி. வெள்ளோட்டு மாமாவுக்கு இன்னமும் எட்டாவதாகத்தான் தெரிகிறாராம். அது கிடக்கட்டும்.

ஊருக்கெல்லாம் சொன்ன நான், என் பதிவில் இருக்கும் அழைப்புப் பொத்தானை ஒருநாளும் அழுத்தியதில்லை என்று இன்று மாலை திடீரென்று உறைத்தது. பஸ் நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்து, நண்பரின் கைப்பேசியை வாங்கி, "மரச்செக்கு எண்ணெய்" என்று தேடி, நாலாவதாக நின்ற என் கடையைத் தொட்டு அழுத்தினேன். மூன்றாவது மணியில் என் மனைவி எடுத்தாள். குரலை மாற்றிக்கொண்டு கடலை எண்ணெய் லிட்டர் என்ன விலை என்று கேட்டேன். நான் சொல்வதைவிடப் பத்து ரூபாய் குறைத்துச் சொன்னாள். முதலாளி இருக்கிறாரா என்று கேட்டேன்.

"இல்லைங்க. பஸ் நிலையத்தில் டீக் குடித்துக்கொண்டு கூகுளில் எங்கள் கடையைத் தேடிக்கொண்டிருப்பார். பார்த்தால் வரும்போது காலி டின் நாலு வாங்கிவரச் சொல்லுங்கள்."